ஒரு தாய்மாமனுக்கு: எலும்புப் புற்றும் ரிப்போர்ட்டின் எண்களும்



நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டுகளைப் பார்த்து உங்களுக்குத் தனியாகப் பதில் போட்டுவிட்டேன். இதே கேள்விகளை வேறு குடும்பங்களும் கேட்டுக்கொண்டிருப்பதால், நீங்கள் சம்மதித்தபடி, ஆள் அடையாளம் தெரியாமல் இங்கேயும் எழுதுகிறேன்.

மருமகனுக்கு வயது பதினைந்து. தொடை எலும்பின் கீழ்முனையில், முழங்காலுக்குச் சற்று மேலே கட்டி. பயாப்சியில் ஆஸ்டியோசார்கோமா என்று வந்திருக்கிறது. நெஞ்சு சி.டி.யில் ஒன்றும் இல்லை. அடுத்த வாரம் கீமோ தொடங்குகிறது. நீங்கள் முக்கியமாகக் கேட்டது இரண்டு கேள்வி. ரத்தப் பரிசோதனையில் அல்கலைன் பாஸ்படேஸ் என்ற எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போட்டிருக்கிறார்களே, அது நோய் முற்றியதைக் காட்டுகிறதா? லேப்காரர் ஒருவர், கட்டியில் ஜீன் டெஸ்ட் எடுத்தால் பையனுக்கு மருந்து கேட்குமா கேட்காதா என்று இப்போதே சொல்லிவிடலாம் என்கிறார், கட்டணம் லட்சத்தை நெருங்குகிறது, நகையை வைத்தாவது எடுக்கலாமா? மூன்றாவதாக ஒரு கேள்வியை எழுதி, பிறகு பேனாவால் அடித்திருந்தீர்கள். அடித்த கோட்டுக்கு அடியிலும் படிக்க முடிந்தது. அதற்கும் வருகிறேன்.

நான் நோயியல் மருத்துவர். நோயாளியின் முகத்தை நாங்கள் பெரும்பாலும் பார்ப்பதில்லை, அவரிடமிருந்து எடுத்ததைப் பார்க்கிறோம். ஆகவே இந்தக் கடிதம் மைக்ரோஸ்கோப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவரின் கடிதம். உங்கள் புற்றுநோய் டாக்டர் சொல்வதற்கு இது மாற்று ஆகாது.

ரத்தத்திலோ திசுவிலோ அளக்கக்கூடிய ஒன்றை வைத்து நோயின் நிலையையோ போக்கையோ சொல்ல முடியுமானால் அதை பயோமார்க்கர் என்கிறார்கள். இதில் இரண்டு ரகம் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் நகை அடகுக்கடைக்குப் போகிறது. ஜாதகத்தைப் பார்த்து தோஷம் இருக்கிறது என்று சொல்வது ஒன்று, அதற்குப் பரிகாரம் இன்னது என்று சொல்வது வேறு. முதல் ரக மார்க்கர், இப்படிப்பட்டவர்களில் இத்தனை பேருக்கு நோய் திரும்ப வருகிறது என்று சொல்லும், அத்தோடு வாயை மூடிக்கொள்ளும். இரண்டாவது ரகம், இந்த மருந்தைக் கொடு, இவருக்குக் கேட்கும் என்று சொல்லும். மார்பகப் புற்றில் இரண்டாவது ரகம் நன்றாகவே வேலை செய்கிறது. ஹெர்-2 என்ற புரதம் கூடுதலாக இருந்தால் டிராஸ்டுசுமாப் ஊசி, ஹார்மோன் ஏற்பி இருந்தால் அதற்கான மாத்திரை. அதைப் பார்த்துவிட்டு எலும்புப் புற்றுக்கும் அப்படி ஒன்று இருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். ஆஸ்டியோசார்கோமாவில் இன்றைக்குக் கையில் இருப்பவை ஏறக்குறைய எல்லாமே முதல் ரகம்தான்.

உங்கள் நட்சத்திரத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதிக்கும் எலும்புக்கும் உள்ள உறவு நூறு வருஷக் கதை. லண்டன் லிஸ்டர் ஆய்வகத்தில் ராபர்ட் ராபிசன் 1923இல், எலும்பு இறுகுவதில் இந்த நொதிக்குப் பங்கு இருக்க வேண்டும் என்று எழுதினார். 1929இல் எச்.டி. கே என்பவர் எலும்பு நோயாளிகளின் ரத்தத்தில் அது உயர்வதைக் காட்டினார். எலும்பைக் கட்டுகிற செல்கள் இதைச் சுரக்கின்றன. ஆஸ்டியோசார்கோமா செல்லும் அரைகுறையாக எலும்பு கட்டுகிற செல்தான், அதனால் அதுவும் சுரக்கும். நோய் தெரியவந்த நாளில் இந்த எண் மிக உயர்ந்திருந்தவர்களுக்கு நோய் திரும்ப வருவது கூடுதல் என்று பல ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் உங்கள் மருமகன் வளர்கிற பையன். போன வருஷத்துப் பேண்ட் இந்த வருஷம் கணுக்காலுக்கு மேலே நிற்கிற வயசு. அவன் உடம்பில் எல்லா எலும்பின் நுனியிலும் கட்டுமான வேலை நடந்துகொண்டிருக்கிறது, நோய் இல்லாத பையனாக இருந்தாலும் இந்த எண் பெரியவர்களுக்கு இருப்பதைப் போல மூன்று மடங்கு இருக்கலாம். லேப் கம்ப்யூட்டரோ பல இடங்களில் பெரியவர்களின் அளவை மட்டும் அச்சடித்து, அதைத் தாண்டினால் நட்சத்திரம் போட்டுவிடுகிறது. ரிப்போர்ட்டில் வலது ஓரத்துப் பத்தியைப் பாருங்கள், 'நார்மல் அளவு' என்று கொடுத்திருப்பது எந்த வயதுக்கு என்று எழுதியிருக்கிறதா? உங்கள் தாளில் எழுதவில்லை. அந்த வயதுக்குரிய அளவோடு வைத்துப் பார்த்தால் அவனுடையது சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். ஈரலில் கோளாறு இருந்தாலும் இதே எண் ஏறும். எல்.டி.எச். என்ற இன்னொரு நொதியின் எண் இன்னும் மோசம். ஊசி குத்தும்போது ரத்தம் உடைந்துபோனால்கூட அது உயர்ந்து நிற்கும்.

ஓர் இடைச்செருகல். பெரிய ஜாதி நாய்களுக்கு ஆஸ்டியோசார்கோமா சர்வசாதாரணமாக வரும். நாய்களிலும் அல்கலைன் பாஸ்படேஸ் உயர்ந்திருந்தால் ஆயுள் குறைவு என்று கால்நடை மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். அங்கே கணக்கு இன்னும் தெளிவாக இருப்பதற்கு ஒரு காரணம், அந்த நாய்களில் பெரும்பாலானவை வளர்ந்து முடிந்தவை. மனிதர்களுக்கு இந்த நோய் வளர்கிற வயதில் வந்து தொலைக்கிறது, அதனால் எண் கலங்கலாகவே தெரிகிறது.

சரி, இந்த எண்ணை வைத்து என்ன செய்கிறார்கள்? ஒரு கோட்டில் குறித்து வைத்துக்கொள்கிறார்கள். கீமோ ஆரம்பித்தபின் அது இறங்குகிறதா என்று பார்க்கிறார்கள். மருந்து மாறாது, அறுவை மாறாது. ஆகவே அந்த நட்சத்திரத்துக்காக ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று உங்கள் தங்கையிடம் சொல்லுங்கள்.

இனி நான் உண்மையிலேயே நம்புகிற ஒரு மார்க்கரைப் பற்றிச் சொல்கிறேன். அது ரத்தத்தில் இல்லை, விலையுயர்ந்த மெஷினிலும் இல்லை. அது பிறந்த கதை எனக்கு எப்போதும் பிடிக்கும்.

1970களின் தொடக்கம் வரை இந்த நோய்க்குக் காலை எடுப்பதுதான் வைத்தியம். எடுத்த பிறகும் ஐந்தில் நாலு பேருக்கு நுரையீரலில் வந்துவிடும், கண்ணுக்குத் தெரியாத அளவில் நோய் முன்னமே அங்கே போய் உட்கார்ந்திருக்கும். நியூயார்க் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் ரால்ஃப் மார்கோவ் என்ற அறுவை மருத்துவர், கட்டி உள்ள எலும்பை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் உலோக எலும்பும் மூட்டும் பொருத்திக் காலைக் காப்பாற்றப் பார்த்தார். அந்த உலோகத்தை ஆளுக்கு ஆள் அளவெடுத்துச் செய்ய வேண்டும், செய்து வர இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை கட்டியை அப்படியே விட்டுவைப்பதா? ஜெரால்ட் ரோசன் என்ற புற்றுநோய் மருத்துவர் அந்த இடைவெளியில் கீமோ கொடுத்தார். அறுவைக்கு முன் கீமோ என்று இன்று உலகமெல்லாம் செய்கிற முறை, பட்டறையில் ஒரு சாமான் தயாராவதற்குக் காத்திருந்ததில் வந்தது.

அறுவைக்குப் பின் அந்த எலும்பு ஆண்ட்ரூ ஹியூவோஸ் என்ற நோயியல் மருத்துவரின் மேசைக்குப் போனது. சிலருடைய கட்டியில் ஏறக்குறைய எல்லாச் செல்களும் செத்திருந்தன. சிலருடையதில் மருந்து போட்ட சுவடே இல்லை. முதல் கூட்டத்தினர் நெடுநாள் பிழைத்தார்கள், இரண்டாவது கூட்டத்தினருக்கு நோய் திரும்ப வந்தது. ஹியூவோஸ் இதை நாலு படியாகப் பிரித்தார். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு செத்திருந்தால் மருந்து நன்றாகக் கேட்டிருக்கிறது என்று கணக்கு. 'நெக்ரோசிஸ் எவ்வளவு பர்சன்ட்?' என்று டாக்டர்கள் கேட்பது இதைத்தான். உங்களுக்கும் அறுவை முடிந்த சில வாரங்களில் அப்படி ஓர் எண் வரும்.

அந்த எண் எப்படி வருகிறது என்று சொன்னால் அதை எவ்வளவு நம்புவது என்று உங்களுக்கே தெரியும். எடுத்த எலும்பை நீளவாக்கில் ரம்பத்தால் அறுத்து, நடுவிலிருந்து மெல்லிய பலகை மாதிரி ஒன்றை எடுப்போம். அதைப் படம் பிடித்து, படத்தின் மேல் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் எண் கொடுத்து, அந்தந்த இடத்திலிருந்து ஒரு துண்டு. எலும்பில் கத்தி இறங்காது. அமிலத்தில் ஊறப்போட்டு சுண்ணாம்புச் சத்தை இறக்கின பிறகுதான் மெல்லிசாகச் சீவ முடியும், அதற்கு நாள்கணக்கில் ஆகும். டெக்னீஷியன் தினமும் வளைத்துப் பார்ப்பார், ஊசியால் குத்திப் பார்ப்பார். வார்டிலிருந்து 'ரிப்போர்ட் எப்போ?' என்று போன் வந்தால் 'இன்னும் இளகல' என்று பதில் போகும். பிறகு ஒரு தட்டு நிறைய ஸ்லைடு மேசைக்கு வரும். செத்த இடத்தில் கட்டி கட்டிவைத்த எலும்புச் சல்லடை மட்டும் இளஞ்சிவப்பாக நிற்கும், செல் இருந்த குழிகள் காலியாக இருக்கும். உயிர் இருக்கிற இடத்தில் கருநீலத்தில், தாறுமாறாகப் பெருத்த உட்கருக்கள் கூட்டமாக இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் உயிரோடு இருப்பது எத்தனை பங்கு என்று கண்ணால் மதிப்பிட்டு, எல்லாவற்றையும் கூட்டி வகுத்து வருவதுதான் அந்த எண். 98 என்றால் நல்ல செய்தி, 30 என்றால் அவ்வளவு நல்ல செய்தி இல்லை. 88க்கும் 92க்கும் நடுவே ஒரு மலை இருப்பதாக நினைத்து அழக்கூடாது. அதே ஸ்லைடை இன்னொரு டாக்டர் பார்த்தால் எண் கோட்டின் மறுபக்கம் போகலாம்.

ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து மருத்துவமனைகள் சேர்ந்த குழு ஒன்று 1,702 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2002இல் வெளியிட்ட கணக்கில், மருந்து நன்றாகக் கேட்டவர்களில் பத்தாண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு எழுபதுக்குச் சற்று மேல். சரியாகக் கேட்காதவர்களில் ஐம்பதுக்குச் சற்றுக் கீழே. வித்தியாசம் பெரிதுதான். ஆனால் இரண்டாவது எண்ணை இன்னொரு தடவை படியுங்கள். 'கேட்கவில்லை' என்று சொல்லப்பட்டவர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேர் பத்தாண்டு தாண்டி இருந்தார்கள்.

நோய் எப்படிப் போகும் என்று இவ்வளவு தெளிவாகச் சொல்கிற மார்க்கர் கையில் இருந்தால், கேட்காதவர்களுக்கு மருந்தை மாற்றிக் கொடுத்தால் ஆயிற்று என்றுதான் யாருக்கும் தோன்றும். மருத்துவர்களுக்கும் தோன்றியது. ரோசனே அப்படித்தான் ஆரம்பித்தார். இது பலிக்கிறதா என்று ஒழுங்காகப் பார்க்க ஒரு மருத்துவமனை போதாது, ஒரு நாடும் போதாது. பத்து லட்சம் பேரில் வருஷத்துக்கு மூன்று நாலு பேருக்கு வருகிற நோய் இது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் சேர்ந்து யூராமோஸ்-1 என்ற ஆய்வை 2005இல் தொடங்கின. 17 நாடுகள், 2011 வரை 2,260 நோயாளிகள். எல்லோருக்கும் முதலில் மெத்தோட்ரெக்ஸேட், அட்ரியாமைசின், சிஸ்பிளாட்டின் என்ற மூன்று மருந்து. அறுவை முடிந்து நெக்ரோசிஸ் குறைவாக வந்தவர்களில் 618 பேரைச் சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்குப் பழைய மருந்தே, மீதிப் பேருக்கு அதோடு ஐபாஸ்பமைடும் எட்டோபோசைடும் கூட.

2016இல் முடிவு வந்தது. கூடுதல் மருந்து கொடுத்தவர்களுக்கு நோய் திரும்புவது குறையவில்லை. வாந்தி, காய்ச்சல், ரத்தக் குறைவு, ஆஸ்பத்திரிப் படுக்கை மட்டும் கூடியது. நன்றாகக் கேட்டவர்களுக்கு இன்டர்பெரான் சேர்த்துப் பார்த்த இன்னொரு பாதியும் பலன் தரவில்லை.

தோஷம் சரியாகத்தான் தெரிந்தது, பரிகாரம்தான் இல்லை. இந்தத் துறையில் இருக்கிற எங்களுக்கு அது கசப்பான வருஷம். ஆனாலும் அந்த ஆய்வு செய்ததைப் பெரிய உபகாரம் என்றே சொல்வேன். அது இல்லையென்றால் இன்றைக்கும் எத்தனையோ பிள்ளைகளுக்குப் அந்த மூன்றோடு சேர்த்தும் பலன் கூட்டாத இரண்டு மருந்தை ஏற்றிக்கொண்டிருப்போம், 'நெக்ரோசிஸ் கம்மி, அதனால் டோஸ் ஜாஸ்தி' என்று சொல்லிக்கொண்டு. பயோமார்க்கர் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வியும் இங்கிருந்துதான் வருகிறது. இந்த டெஸ்டின் விடை இப்படி வந்தால் என்ன செய்வீர்கள், அப்படி வந்தால் என்ன செய்வீர்கள்? இரண்டுக்கும் ஒரே பதில் என்றால் அந்த டெஸ்ட் பையனுக்காக எடுப்பது இல்லை.

லேப்காரரிடம் இதைக் கேட்டீர்கள் என்று நம்புகிறேன். கேட்டிருந்தால் அவர் ஒரு கட்டுரையைக் காட்டியிருப்பார். கட்டுரைக்குப் பஞ்சமே இல்லை. ஆஸ்டியோசார்கோமாவின் போக்கைச் சொல்வதாக அந்தப் புரதம், இந்த மைக்ரோ ஆர்.என்.ஏ., வெள்ளணு விகிதம் என்று மாதத்துக்கு மாதம் வந்துகொண்டே இருக்கிறது. 2007இல் கிசாஸ், அயோனிடிஸ் முதலான சிலர், புற்றுநோய் மார்க்கர் பற்றி வெளியான 1,575 கட்டுரைகளை எடுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் 'என் மார்க்கர் வேலை செய்கிறது' என்றே சொல்லின. உலகத்தில் பார்க்கிற மார்க்கர் எல்லாம் வேலை செய்யுமா என்ன? வேலை செய்யாதவை அச்சேறுவதில்லை. ஐம்பது அறுபது நோயாளிகளை வைத்துக்கொண்டு இருபது பொருளை அளந்தால் ஏதாவது ஒன்று தற்செயலாகப் பொருந்தத்தான் செய்யும்.

ஹெர்-2வையே எடுத்துக்கொள்ளுங்கள். 1999இல், ஆஸ்டியோசார்கோமாவிலும் ஹெர்-2 கூடுதலாக இருந்தவர்களுக்கு நோயின் போக்கு மோசம் என்று ஒரு கட்டுரை வந்தது. மார்பகப் புற்றுக்கான ஊசி கைவசம் இருந்ததால் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அடுத்தடுத்த ஆய்வுகள் ஆளுக்கொன்று சொல்லின. சிலர் கட்டியில் ஹெர்-2வே இல்லை என்றார்கள், சிலர் இருந்தால் நல்லது என்றார்கள். கடைசியில் நோய் பரவியிருந்தவர்களுக்கு அந்த ஊசியையே கொடுத்துப் பார்த்து 2012இல் வெளியிட்டார்கள். ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இந்த நோயில் ஒரே ஒரு ஜீனைப் பிடித்துக்கொண்டு போக முடியாததற்குக் காரணம் கட்டிக்குள்ளேயே இருக்கிறது. 2011இல் கேம்பிரிட்ஜ் பக்கத்து சாங்கர் ஆய்வகத்தார், சில புற்றுகளில் ஒரு குரோமோசோம் ஒரே சம்பவத்தில் நூற்றுக்கணக்கான துண்டாகச் சிதறி, தப்பும் தவறுமாக மறுபடி ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார்கள். எல்லாப் புற்றுகளையும் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு இரண்டு மூன்றில்தான் அது இருந்தது. எலும்புப் புற்றில் நாலில் ஒன்று. இரண்டு பிள்ளைகளின் ஆஸ்டியோசார்கோமா மைக்ரோஸ்கோப்பில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஜீன் அளவில் ஒன்றுக்கொன்று ஒட்டுமில்லை உறவுமில்லை. அதனால்தான் லேப்காரரின் பட்டியலில் நூற்றுக்கணக்கான ஜீன் இருந்தும், கீமோ கேட்குமா என்பதற்கு அதில் விடை இல்லை.

ஜீன் டெஸ்டே வீண் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விடை வந்தால் செய்கிற வேலை மாறும் இடங்கள் உண்டு. ஈவிங் சார்கோமா என்று எலும்பில் வரும் இன்னொரு புற்று இருக்கிறது, அதுவும் பெரும்பாலும் பிள்ளைகளுக்கு. அதில் 11ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் இடம் மாறி ஒட்டிக்கொண்டு ஒரு புதிய ஜீனை உண்டாக்குகின்றன, நூற்றுக்கு எண்பத்தைந்து பேருக்கு இதே மாற்றம். பாரிஸில் ஒலிவியே தெலாத்ர் குழுவினர் 1992இல் கண்டது. சின்ன நீல உருண்டைச் செல்களாக ஸ்லைடில் தெரியும்போது அது ஈவிங்கா, லிம்போமாவா, வேறு ஏதாவதா என்று கண்ணால் மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த டெஸ்ட் சொல்லும், சொன்னால் மருந்தும் கதிர்வீச்சும் எல்லாமே அதன்படி மாறும். ஈவிங்கில் எஸ்.டி.ஏ.ஜி.2, டி.பி.53 என்ற இரண்டு ஜீனும் சேர்ந்து கெட்டிருந்தால் போக்கு மோசம் என்பதும் 2014 முதல் தெரியும். அது முதல் ரகம்தான்.

இன்னொன்று குடும்ப ரத்தத்தில் வருவது. குழந்தையாக இருக்கும்போது கண்ணில் ரெட்டினோபிளாஸ்டோமா வந்து பிழைத்தவர்களுக்குப் பிறகு ஆஸ்டியோசார்கோமா வரும் வாய்ப்புக் கூடுதல். டி.பி.53 பிறவியிலேயே கெட்டிருக்கும் குடும்பங்களில் அம்மாவுக்கு இளவயதில் மார்பகப் புற்று, பிள்ளைக்கு எலும்பில், இன்னொருவருக்கு மூளையில் என்று வரிசையாக வரும். அப்படி ஏதாவது இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதற்கான ரத்தப் பரிசோதனை விடை, தங்கைக்கும் அவளுடைய மற்றப் பிள்ளைகளுக்கும் எதைக் கண்காணிக்க வேண்டும் என்பதை மாற்றும். கல்யாணப் பேச்சுக்கு இடைஞ்சல் என்று மறைத்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். மறைப்பதால் பரம்பரை மாறுவதில்லை.

வருங்காலத்தில் நான் ஓரளவு நம்பிக்கை வைத்திருப்பது ரத்தத்தில் மிதக்கும் கட்டியின் டி.என்.ஏ. மீது. கட்டிச் செல் சாகும்போது உடைந்த டி.என்.ஏ. துணுக்குகள் ரத்தத்தில் கலக்கின்றன. 2018இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், சிகிச்சைக்கு முன் எடுத்த ரத்தத்தில் ஈவிங், ஆஸ்டியோசார்கோமா நோயாளிகளில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களிடம் அதைப் பார்க்க முடிந்தது, பார்க்க முடிந்தவர்களுக்குப் போக்கு மோசமாக இருந்தது. எலும்பை அறுத்து ஊறப்போட்டு மூன்று மாதம் காத்திராமல், இரண்டாவது கீமோவிலேயே மருந்து கேட்கிறதா என்று ரத்தத்தில் தெரிந்தால் நல்லதுதான். ஆனால் தெரிந்த பிறகு கொடுக்க வேறு மருந்து வேண்டுமே. யூராமோஸ் முட்டிக்கொண்ட சுவர் அங்கேயே நிற்கிறது.

ஒரு வேலை மட்டும் இப்போதே செய்துவைக்கலாம், செலவில்லாமல். எலும்பை இளக்கப் போடும் கடுமையான அமிலம் டி.என்.ஏ.வையும் நாசமாக்கிவிடும். பயாப்சித் துண்டில் மென்மையான ஒரு பகுதியை அமிலத்தில் போடாமல் தனி பிளாக்காக வைத்திருக்கிறார்களா என்று நோயியல் துறையில் கேளுங்கள். பின்னால் உண்மையிலேயே பயன்படுகிற டெஸ்ட் ஒன்று வந்தால் அந்த மெழுகுக் கட்டிதான் உதவும். ஊர் மாறினால் பிளாக்கையும் ஸ்லைடையும் கேட்டு வாங்கி எடுத்துப் போங்கள், ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது.

இனி, போக்கைத் தீர்மானிப்பதில் உண்மையில் பெரிய பங்கு எதற்கு? நோய் தெரியவந்த அன்று நுரையீரலுக்குப் பரவியிருந்ததா, கட்டி கை காலிலா இடுப்பு முதுகிலா, எவ்வளவு பெரிது, அறுவையில் முழுதாக எடுக்க முடிந்ததா. மருமகனுக்கு முதல் இரண்டும் சாதகம். நாலாவது, பழக்கப்பட்ட கையிடம் இருக்கிறது. ஐந்தாவதாக ஒன்றை எந்த லேபும் அளப்பதில்லை, நம் ஊரில் அது முக்கியம். ஆரம்பித்த சிகிச்சையைப் பாதியில் விடாமல் இருப்பது. இரண்டு கீமோவில் வீக்கம் வடிந்து வலி நின்றதும் 'சரியாகிவிட்டது' என்று ஊருக்குப் போய்விடுகிறவர்கள் உண்டு. காலை எடுப்பார்களோ என்ற பயத்தில் எண்ணெய்க் கட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. திரும்பி வரும்போது நெஞ்சு சி.டி. வேறு மாதிரி இருக்கும்.

மருந்து விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் போனில் படித்த அமெரிக்க முறையில் மெத்தோட்ரெக்ஸேட் முதல் மருந்து. உங்கள் டாக்டரின் தாளில் அது இல்லை, 'குறைத்துக் கொடுக்கிறார்களா?' என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. அந்த மருந்தை உயர்ந்த அளவில் கொடுத்தால் ரத்தத்தில் அதன் அளவை அடிக்கடி பார்த்து, சரியான நேரத்தில் முறிவு மருந்து கொடுத்து, படுக்கையில் வைத்துக் கவனிக்க வேண்டும். மும்பை டாட்டா மெமோரியலில் அது இல்லாமல் அட்ரியாமைசின், சிஸ்பிளாட்டின், ஐபாஸ்பமைடு மூன்றையும் இரண்டிரண்டாக மாற்றிக் கொடுக்கும் ஓ.ஜி.எஸ்.-12 என்ற முறையை வகுத்தார்கள். இந்தியாவில் பல மருத்துவமனைகள் அதைப் பின்பற்றுகின்றன. உலோக மூட்டுக்கும் நியூயார்க்கை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. சென்னையில் மயில்வாகனன் நடராஜன் போன்றவர்கள் இங்கேயே செய்த மெகா பிராஸ்தசிஸை வைத்துப் பல காலமாகக் கால்களைக் காப்பாற்றி வருகிறார்கள்.

அடித்துவிட்ட கேள்விக்கு வருகிறேன். பிழைப்பானா என்று கேட்டிருந்தீர்கள். பரவாத ஆஸ்டியோசார்கோமாவில், முழுச் சிகிச்சையும் எடுத்துக்கொண்டவர்களில், ஐந்தாண்டு தாண்டுகிறவர்கள் நூற்றுக்கு அறுபதிலிருந்து எழுபது. இது நல்ல வசதியுள்ள இடங்களின் கணக்கு. கனடாவின் டெர்ரி பாக்ஸுக்கு 1977இல் இதே நோய், இதே இடத்துப் பக்கம். வயது பதினெட்டு. பிழைக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி, இரண்டு வருஷம் முன்னால் வந்திருந்தால் நூற்றுக்குப் பதினைந்துதான் என்று டாக்டர்கள் அவரிடம் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. செயற்கைக் காலோடு 143 நாள் நாட்டின் குறுக்கே ஓடிய பிறகு நுரையீரலில் திரும்ப வந்து 1981இல் இறந்தார். கீமோவால் உண்மையில் பலன் இருக்கிறதா என்று அப்போது டாக்டர்களுக்குள்ளேயே சண்டை. 1986இல் மைக்கேல் லிங்க் குழுவினர் சீட்டுப் போட்டுப் பார்த்த ஆய்வில், அறுவை மட்டும் செய்துகொண்டவர்களில் இரண்டு ஆண்டு நோயில்லாமல் இருந்தவர்கள் நூற்றுக்கு 17, கீமோவும் எடுத்தவர்களில் 66. அத்தோடு சண்டை ஓய்ந்தது. அதற்கப்புறம் எண் பெரிதாக நகரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

உங்கள் மருமகன் அந்த அறுபது எழுபதிலா மீதியிலா என்று இன்றைக்கு எந்த மார்க்கராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியும் என்று காசு கேட்கிறவரை நம்ப வேண்டாம். நகை வீட்டில் இருக்கட்டும். சென்னையில் தங்க, போக வர, சத்தாகச் சாப்பிட, தங்கை வேலைக்குப் போகாத மாதங்களை ஓட்ட, எல்லாவற்றுக்கும் காசு வேண்டியிருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் எழுத வேண்டும். எந்தக் குடும்பமும் இதைக் கேட்பதில்லை. ஐபாஸ்பமைடும் சிஸ்பிளாட்டினும் பிற்காலத்தில் பிள்ளை பெறும் சக்தியைக் குறைக்கக்கூடும். பதினைந்து வயதுப் பையன் என்றால் கீமோ தொடங்குவதற்கு முன் விந்தணுவைச் சேமித்து உறைய வைக்கலாம், ஒரு முறை தொடங்கிவிட்டால் அந்த வாய்ப்புப் பெரும்பாலும் போய்விடும். அம்மாவிடம் பேச அவன் கூச்சப்படுவான். அப்பா வெளிநாட்டில் இருக்கிறார் என்கிறீர்கள். தாய்மாமன் நீங்கள்தான் அவனைத் தனியாக உட்காரவைத்துச் சொல்ல வேண்டும், முடிவை அவனும் சேர்ந்து எடுக்கட்டும். திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்கும்போது இதை முதலில் கேளுங்கள். சிஸ்பிளாட்டின் காதைப் பாதிக்கும், அட்ரியாமைசின் இருதயத்தை. அதனால் செவித்திறன் பரிசோதனையும் எக்கோவும் கீமோவுக்கு முன்பே எடுத்து ஃபைலில் வைக்கச் சொல்லுங்கள். இவை எல்லாம் சில ஆயிரத்தில் முடிகிற விஷயம், விடையைப் பார்த்து டாக்டர் மருந்தின் அளவையே மாற்றுவார்.

அறுவைக்குப் பிறகு நெக்ரோசிஸ் ரிப்போர்ட் வந்ததும் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். எண்ணோடு சேர்த்து, எத்தனை துண்டு பார்த்தார்கள், வெட்டு விளிம்பில் கட்டி இல்லை என்று எழுதியிருக்கிறார்களா என்பதையும் பார்த்துச் சொல்கிறேன்.